முனகாத வண்டி

வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது பழைய வழக்கம். இப்போது அதோடு வீட்டுப் பிள்ளையை முன் இருக்கையில் உட்காரவைத்து ஒருமுறை அழவைக்கவும் வேண்டும். பூசாரி கற்பூரம் காட்டி முடிப்பதற்குள் மாமனோ சித்தியோ பிள்ளையின் தொடையில் கிள்ளிவிடுவார்கள். அந்த அழுகைதான் வண்டியின் குரலாகும்.

வலியுணரி என்ற கருவியைக் கண்டுபிடித்த பிறகு வண்டிகளுக்கும் உடம்பு வலிக்கத் தொடங்கியது. டயர் தேய்ந்தாலும், போல்ட் தளர்ந்தாலும் வலித்தது. ஆனால் மனிதன் லேசுப்பட்டவன் இல்லை. வண்டிக்குள் எரிந்த எச்சரிக்கை விளக்கைப் பார்த்தும் பாராத மாதிரி ஓட்டிக்கொண்டே இருந்தான். பெற்ற பிள்ளையின் குரலில் வண்டி முனகியபோதுதான் ஓரங்கட்டினான். விபத்துகள் பாதியாகக் குறைந்தன, கண்டுபிடித்தவர்களுக்கு மாலை விழுந்தது.

கோவில்பட்டி இந்திராணி வீட்டு வேனுக்கு அவள் மகள் தாரகையின் குரல். ஒரு நாள் அது பிரேக் பிடிக்கும்போதெல்லாம் "ம்மா, ம்மா" என்று முனக ஆரம்பித்தது. அவள் கணவன் கருத்தபாண்டி, வாங்கிய விற்பனை நிலையத்திலேயே கொண்டுபோய் விட்டான். வண்டி சத்தமில்லாமல் திரும்பி வந்தது. சரியாகிவிட்டது என்று நம்பினான், நம்பாமல் என்ன செய்வான்? சில நாளில் எட்டயபுரம் சாலை இறக்கத்தில் அவன் ஓட்டிப் போனபோது பிரேக் பிடிக்கவில்லை. சைக்கிளில் போன ஒருவர் அங்கேயே இறந்துபோனார். வேன் மரத்தில் மோதி முன்பக்கம் எரிந்து, பிரேக் உருகிக் கட்டியாகிவிட்டது. கருத்தபாண்டி இப்போது சிறையில் இருக்கிறான்.

பிரேக்கைத் தொடாமல் முனகலை மட்டும் அடைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பது இந்திராணியின் வழக்கு. பிரேக்கைப் புதிதாகவே மாற்றினோம், ஓட்டியவன் தூங்கிவிட்டான் என்றது நிலையம். உண்மை தெரிய ஒரே வழிதான். வாயை அடைத்தாலும் வலி உள்ளே சேர்ந்துகொண்டேதான் இருக்கும். அடைப்பை எடுத்தால், சேர்ந்ததையெல்லாம் வண்டி ஒருமுறை மறுபடி வலித்துத் தீர்க்கும். இதற்கு மறுவலி என்று பெயர். நடுவில் நிறுத்தினால் எல்லாம் அழிந்துபோகும், அரைகுறைச் சாட்சி செல்லாது. குரல் தன் வீட்டுக் குரல்தான் என்று உறுதிசொல்ல, புகார் கொடுத்தவர் கடைசிவரை பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் போதும் என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். அது சட்டத்தின் கருணையாம்.

ஊர்தித் தீர்ப்பாயத்தின் கொட்டகையில் கரிந்த வேன் நின்றது. நடுவர் ரெஜினா ஒரு பக்கமும், நிலையத்தின் மேலாளர் தனபாலன் ஒரு பக்கமும் உட்கார்ந்தார்கள். வண்டியின் அடைப்பை எடுக்கவும் போடவும் தெரிந்தவர்கள் நிலையத்து ஆட்கள்தான், அதனால் விசை தனபாலன் கையில் இருந்தது.

"ஆரம்பிக்கலாமாம்மா?" என்றார் நடுவர்.

"ஆரம்பிங்க. எம் புருஷன் வெளிய வந்தாப் போதும்."

தனபாலன் விசையை அழுத்தினார். "ம்மா" என்றது வேன். அப்புறம், "வலிக்கும்மா."

"யாரு குரல்?" என்று கேட்டார் நடுவர்.

"எம் பிள்ளை குரல்தான்."

திரையில் வலிக்கிற இடம் சிவந்தது. முன்சக்கர பிரேக். பழுதுபார்த்து அனுப்பிய நாளிலேயே அங்கே வலி இருந்திருக்கிறது. நடுவர் தனபாலனைப் பார்த்தார். அவர் குனிந்து காலணியின் தூசியைத் தட்டினார். ஜெயித்துவிட்டோம் என்றே இந்திராணி நினைத்தாள்.

முனகல் அழுகையானது. அழுகை வீறிடலானது. வேன் ஓடிய ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தாரகை கத்தினாள். மதியம் ஆனபோது எட்டயபுரம் இறக்கம் வந்தது. பிரேக் அறுந்த சத்தம் மகளின் தொண்டையிலிருந்து வந்தது. இந்திராணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

தனபாலன் ஒரு தம்ளர் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினார். கெட்டவர் மாதிரி அவர் பேசவில்லை.

"பிரேக்க மாத்துங்கன்னு எங்ககிட்ட யாரும் வர்றதில்லம்மா. சத்தத்த நிறுத்துங்கன்னுதான் வாறாங்க. இத யாரால கேக்க முடியும், சொல்லுங்க?"

"அவங்ககிட்டப் பேசாதீங்க" என்றார் நடுவர். அவருக்கும் முகம் வெளுத்திருந்தது. "இந்திராணி, நெருப்பு அணையுற வரைக்குந்தான். அதோட முடிஞ்சிரும். பல்லக் கடிச்சிக்கிட்டு இருங்க."

மறுவலியில் இப்போது வேனில் நெருப்பு பிடித்தது.

"அம்மா சுடுது. அம்மா, தூக்கும்மா. சுடுதும்மா."

தாரகை வீட்டில் பக்கத்துவீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருப்பாள். அது இந்திராணிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? பெற்ற வயிறு கேட்குமா? கணவனின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். சிறைக் கம்பிக்குப் பின்னால் அவன் தாடியோடு நின்றதை நினைத்தாள். குரல் அதற்கு மேலே ஏறி வந்தது.

"தூக்கும்மா."

"போதும்" என்றாள். "நிறுத்துங்க. எம் பிள்ளைய விடுங்க."

நடுவர் கையை உயர்த்துவதற்குள் தனபாலன் விசையைத் தட்டிவிட்டார். கொட்டகை அமைதியானது. சாட்சி முழுமை பெறவில்லை, புகார் கைவிடப்பட்டது என்று நடுவர் சொன்னபோது, அவர் குரலில் வருத்தத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது. இந்திராணியால் அவரைக் குறைசொல்ல முடியவில்லை.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தாள். மேடு பள்ளமான சாலையில் ஆட்டோ ஆடிக்கொண்டே போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நின்றது. ஆனால் ஒரு முனகல்கூட இல்லை.

"உங்க வண்டி முனகாதா தம்பி?" என்று கேட்டாள்.

"போன மாசம்தான் சரி பண்ணுனேன்க்கா" என்றான் ஓட்டுநர். "எம் பையன் குரலு. நாள்பூரா கேக்க முடியல."

இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். காதுக்குள் தாரகை இன்னும் கத்திக்கொண்டிருந்தாள். ஆட்டோவின் அமைதி இதமாக இருந்தது. இந்திராணி பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முன்னால் ரயில்வே பாலத்து இறக்கம் வந்தது.