வெள்ளைக் கோப்பி

பொத்தானை ஒரு தடவைதான் அழுத்தினாள். ஆனால் மெஷினின் அடித்தட்டில் கோப்பித்தூள் காப்சூல்கள் இரண்டு கிடந்தன. இரண்டும் சூடாக இருந்தன.

கலாதேவி அவற்றைக் குப்பையில் கொட்டிவிட்டுக் கோப்பையோடு சோபாவில் உட்கார்ந்தாள். கணவர் யுகேந்திரன் இறந்து நான்கு மாதம். அன்றிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, நாக்கில் ருசியும் தெரியவில்லை. அடுப்பையே பற்றவைக்காமல் கிடந்தவளுக்காக மகள் ஷர்மினி கோலாலம்பூரிலிருந்து இந்தக் கோப்பி மெஷினை வாங்கி வந்து வைத்திருந்தாள். மூன்று வாரமாக அதுதான் ஆகாரம். குடிக்கும்போது கோப்பைக்குள் பார்த்ததாகக்கூட அவளுக்கு நினைவில்லை.

கோப்பெங் பக்கம், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பு அது. இருபுறமும் வீடுகள் இன்னும் காலி. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டு முன்வாசல் தகரத்தில் இரைந்துகொண்டிருக்க, புளித்த வாடை ஒன்று அடுக்களையிலிருந்து மெல்லக் கிளம்பி, திரைச்சீலையில் ஏறி, அவள் கூந்தல்வரை வந்து நின்றது. தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்கு அது தெரியும். வாளியில் கிடந்து உறைந்த ரப்பர் பால்.

அடுக்களையில் மெஷின் உறுமியது.

போய்ப் பார்த்தாள். மெஷினுக்கு அடியில் அவள் வைக்காத ஒரு கோப்பை நிறைய வெள்ளையாக இருந்தது. மகளுக்குப் போன் போட்டாள்.

"ஷர்மி, பால் காப்சூல் ஏதும் வாங்கி வச்சியா?"

"இல்லம்மா. எல்லாம் கறுப்புக் கோப்பிதான். ஏன்?"

"வெள்ளையா வருது."

"கெட்டுப்போச்சு போல. பிளக்கைப் புடுங்கிப் போடுங்க லா. கொஞ்ச நேரத்துல கூப்பிடுறேன்."

பிளக்கைப் பிடுங்கினாள். கழுவாத கோப்பைகள் சிங்க்கில் குவிந்திருந்தன. ஒன்றை எடுத்தாள். அடியில் வெள்ளைத் தோல். நகத்தால் உரித்தாள். இழுத்த இழுப்புக்கு நீண்டு, விட்டதும் சுண்டிக்கொண்டது. அடுத்த கோப்பை. அதிலும். எல்லாவற்றிலும். மூன்று வாரம் குடித்தது.

மெஷின் மறுபடி உறுமியது.

வயர் தரையில் கிடந்தது.

போன் அடித்தது. எடுத்தாள். ஷர்மி என்று கூப்பிடப் போனாள். வாய் திறக்கவில்லை. விரலால் உதட்டைத் தடவினாள். உதடு இல்லை. பிளவு இல்லை. வழவழவென்று ஒரே சவ்வு. நகத்தால் கீறினாள். நீண்டது. சுண்டிக்கொண்டது.

"ம்... சொல்லுங்கம்மா," என்றாள் ஷர்மினி.

கலாதேவி மூக்கால் மூச்சுவிட்டாள். ஒரு சத்தமும் எழவில்லை.

"அப்படியா? எத்தனை மாசமாச்சு நீங்க இப்படிச் சிரிச்சு! சரிம்மா, பாப்பாவையும் கூட்டிக்கிட்டு இன்னிக்கே வாரேன். ஆமா, அவளுக்கும் ஒரு வாய் குடுங்க."

கலாதேவி திரும்பினாள். மெஷினுக்கு அடியில் பேத்தியின் பூப்போட்ட சின்னக் கோப்பை. அவள் அதை எடுத்து வைக்கவில்லை. விளிம்புவரை வெள்ளை. மேலே படிந்திருந்த ஆடை நடுவில் பிளந்து, உதடுகளாகக் குவிந்து, அவளுடைய குரலில் மகளோடு பேசிக்கொண்டிருந்தது.