உடைந்ததற்குப் புதியது

காலையில் வெர்னா தன் கையாலேயே காலி செய்த கருவிச் சுவரில், மதியச் சாப்பாடு முடித்துத் திரும்புவதற்குள் ஒரு ஸ்பானர் தொங்கிக்கொண்டிருந்தது.

கடையின் கடைசி நாளில் இப்படிக் குறும்பு செய்ய யாருக்கு மனசு வரும் என்று முணுமுணுத்தபடி அதைக் கழற்றினாள். புத்தம் புதிது. ஆனால் கிராண்டல் முத்திரை இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்றிருந்தது. அளவு எண்ணும் இல்லை. அதைவிட, அந்த இரும்பில் சூடு இருந்தது. அடுப்புச் சூடு இல்லை, ஆள் உடம்புச் சூடு.

ஹால்டர்மன் கடைக்குப் போகாத குடும்பம் ஒருகாலத்தில் இல்லினாய் மாநிலத்தில் கிடையாது. சட்டை, கட்டில், குளிர்பெட்டி எல்லாம் அங்கேதான். ஆண்களுக்கோ கிராண்டல் கருவிகள்தான் வேதம். அந்தக் கருவிக்கு ஒரு வாக்கு உண்டு. உடைந்தால் கொண்டு வா, ரசீது வேண்டாம், எப்படி உடைந்தது என்ற கேள்வியும் வேண்டாம், புதியதை எடுத்துக்கொண்டு போ. அப்புறம் தலைமை அலுவலகத்துப் புத்திசாலிகள் கடைகள் நின்ற நிலத்தை விற்றார்கள். கிராண்டல் என்ற பெயரையே வேறொருவனுக்கு விற்றார்கள். இரும்பு மட்டமானது. கூரை ஒழுகியது, வாடிக்கையாளர் ஒழிந்தார்கள். மாநிலத்தில் மிஞ்சியது இந்த ஒரு கடைதான், இதற்கும் இன்றோடு சமாதி.

"இதை யாரு மாட்டினது?" என்று கேட்டாள்.

கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் ஓரின் தலையைத் திருப்பினான். பக்கவாதம் வந்த பிறகு பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். "யாரும்... வரல. நான்... பாத்துட்டேதான் இருந்தேன்."

அவனை வீட்டில் தனியாக விட முடியாது. அதனால் தினமும் கூட்டிவந்து இங்கே உட்கார வைத்துக்கொள்வாள். கார் மெக்கானிக்காக இருந்தவனின் வலது கை இப்போது மடியில் செத்த மீனாகக் கிடந்தது. அவள் வேலை போனால் மருத்துவக் காப்பீடு போகும், காப்பீடு போனால் கைக்கான சிகிச்சை நிற்கும். ஓரினின் தங்கை முதியோர் இல்லத்தில் ஒரு படுக்கைகூடச் சொல்லி வைத்துவிட்டாள். இவனை அங்கே விட்டுவிட்டு அந்த வீட்டில் வெர்னா தனியாக எப்படித் தூங்குவாள்?

நோலன் என்ற சோளப் பண்ணைக்காரர் பனியை உதறிக்கொண்டு வந்தார். கையில் தலை உடைந்த ஒரு ராட்செட் ஸ்பானர்.

"மாத்திக் குடுப்பியா, இல்ல நீயும் கைய விரிச்சிடுவியா?"

கடையைக் காலி செய்ய வந்த கம்பெனியின் ஆள் டிரெண்ட் அன்று காலையில்தான் சொல்லியிருந்தான்: "மாத்திக் குடுக்கிறதெல்லாம் முடிஞ்சுபோச்சு வெர்னா. இப்ப நம்மகிட்ட ஸ்டாக்குல இருக்கிறது 'மன்னிச்சிடுங்க' மட்டும்தான்."

போடா, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். கல்லாவுக்கு அடியில் சக்கரம் வைத்த இரும்புத் தொட்டி ஒன்று உண்டு. திரும்பி வந்த உடைசல்களைப் போடும் தொட்டி, முழங்கால் உயரம்தான் இருக்கும். காலையில்கூட உடைந்த ஸ்பானர் ஒன்றை அதில் போட்டிருந்தாள். மூடியைத் தூக்கிப் பழைய பழக்கத்தில் ராட்செட்டைப் போட்டாள். விழுந்த சத்தம் கேட்கவில்லை. நிமிர்ந்து திரும்பினாள். சுவரில் புதிய ராட்செட் தொங்கியது.

எடுத்துக் கொடுத்தாள். நோலன் அதை உருட்டிப் பார்த்தார். "இன்னும் சூடு ஆறல. இப்பத்தான் வார்த்து எடுத்தியா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தொட்டியையே பார்த்தாள். உள்ளிருந்து வழக்கமான பழைய எண்ணெய் வாடை வந்தது, அதற்கு அடியில் ஈரமான இன்னொரு வாடை, கன்று ஈன்ற தொழுவத்தில் வருவது போல. வெறும் கூடமாகிவிட்ட கடையில், சேலைத் துணி கிழிவது போல எங்கேயோ டேப்பைக் கிழித்துப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் தொட்டிக்குள் ஏதோ மெல்ல மூச்சு விடுவது கேட்டது.

பயம்தான். ஆனால் பயத்தைவிட வேறொன்று அவளைப் பிடித்து ஆட்டியது. காம்பு ஒடிந்து டேப் சுற்றிய தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உள்ளே போட்டாள். திரும்பினாள். மங்கலில் தடவியபோது கொக்கியில் விரல் பட்டது. வெதுவெதுப்பான, ஒடியாத கண்ணாடி.

போட்டுக்கொண்டு ஓரினைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள்.

ஓரின் அவளை நன்றாக அறிந்தவன். "என்னடி... பார்வை?" என்றான். கோணிய வாயில் பாதிச் சிரிப்பு. "மேடம்... இதையும் வாங்கிக்குவீங்களா? ரசீது... இல்ல."

"விளையாடாத ஓரின்."

"நீதான்... விளையாடல."

தூரத்தில் டிரெண்ட் விளக்குகளை ஒவ்வொரு பகுதியாக அணைத்துக்கொண்டு வந்தான். துணிப் பகுதி இருண்டது. பாத்திரப் பகுதி இருண்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தொட்டியைப் பழைய இரும்பு லாரியில் ஏற்றிவிடுவார்கள். இதைவிட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

"கை மட்டும்தான். சரியா? பயமா இருந்தா சொல்லு."

"கை மட்டும்," என்றான் அவன்.

நாற்காலியை நெருக்கமாக இழுத்தாள். மூடியைத் தூக்கினாள். உள்ளே இருட்டு, அடி தெரியாத இருட்டு. செத்த கையை மணிக்கட்டுவரை மெல்ல இறக்கினாள். அவன் நெற்றியில் ஒரு முத்தம் வைத்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள், திரும்பினால்தான் நடக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

தலைக்கு மேல் விளக்கு அணைந்தது.

நாற்காலி கிரீச்சிட்டது. ஒரு முறைதான்.

பிறகு ஒரு சத்தம். ஈரமான, நிதானமான சத்தம். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் திரும்பியிருப்பாள்.

"ஓரின்?"

பின்னால் மூடி தானாக மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் தோளில் ஒரு கை விழுந்தது. வலது கை. வெதுவெதுப்பாக இருந்தது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கடவுளே, நன்றி! அந்தக் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

வழுவழுவென்றிருந்தது. தழும்பு இல்லை. காய்ப்பு இல்லை. ரேகையே இல்லை.

இரண்டாவது கை வந்தது. அதுவும் அப்படியே.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை காலம் இந்தக் கல்லாவில் நின்றவள் அவள். ஹால்டர்மனில் எதையும் பழுது பார்த்ததே இல்லை. பிடி மட்டும் உடைந்திருந்தாலும் முழுசையும் வாங்கிக்கொண்டு வேறொன்றைத்தான் கொடுப்பார்கள்.

திரும்பினாள். பின்கதவு இடுக்கிலிருந்து வந்த மங்கிய வெளிச்சத்தில் தெரிந்தது ஓரினின் முகம்தான். வாய் கோணவில்லை. நேராக, திடமாக நின்றது. அவளை ஒரு வாடிக்கையாளரைப் பார்ப்பது போலப் பார்த்தது.

"வேற ஏதாவது வேணுங்களா?" என்றது. இழுவையே இல்லாத குரல்.

டார்ச் விளக்கோடு டிரெண்ட் வந்தான், பின்னால் இரண்டு ஆட்கள். "அட ஓரின்! எழுந்து நிக்கிறீங்களே! சபாஷ்!" ஆட்கள் தொட்டியைக் கல்லாவின் அடியிலிருந்து இழுத்தார்கள். "என்ன கனம்டா இது," என்றான் ஒருவன். சக்கரங்கள் பின்கதவை நோக்கி உருண்டன.

"நிறுத்துங்க," என்றாள் வெர்னா. குரல் எழும்பவில்லை. ஓடப் பார்த்தாள். வழுவழுப்பான விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. மெதுவாகத்தான். ஆனால் அசையவில்லை. மறுகை டிரெண்டுக்கு டாட்டா காட்டியது.

வெளியே லாரியின் நசுக்கும் இயந்திரம் உறுமத் தொடங்கியது.

"வெ... ர்... னா..."

இழுத்து இழுத்து வந்தது. தொட்டிக்குள்ளிருந்து.

ஆள் அடங்க முடியாத, முழங்கால் உயரத் தொட்டி அது. டார்ச் வெளிச்சத்தில் அதன் மூடி விரற்கடை அளவு உயர்ந்தது. அந்த இடுக்கில் இடது கையின் நான்கு விரல்கள், நகக்கண்ணில் கிரீஸ் கறுப்போடு, விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. அப்படியே கதவைத் தாண்டிப் பனிக்குள் போயின.