ரௌட்டருக்குள் ஒரு திருடன்!

டெலிபோன் அலறியது.

ஜோலீன் சவார்ட் காபியைக் கீழே வைப்பதற்குள் இன்னொரு முறை அலறியது.

டுலூத் நகரமே பனியில் புதைந்து கிடந்த காலை. இரும்புப் பெட்டி, பூட்டு, அலாரம் விற்கும் ஹால்வர்சன் செக்யூரிட்டி கம்பெனியில் அவளைத் தவிர ஈ, காக்கை இல்லை. எல்லோரும் இன்று வீட்டிலிருந்தே வேலை. அதற்கு வழி பண்ணத்தான் அவள் துடைப்பங்களுக்கும் வாளிகளுக்கும் நடுவே ரௌட்டர் முன்னால் மண்டியிட்டிருந்தாள்.

அந்தத் துடைப்ப அறைக்குத்தான் முதலாளி 'டேட்டா சென்டர்' என்று பித்தளையில் பெயர்ப்பலகை அடித்திருந்தார்!

ரௌட்டர் ஒரு முரட்டு வாட்ச்மேன். வெளியாள் எவனையும் உள்ளே விடாது. அதில் ஒரே ஒரு கதவைத் திறந்து, 'வருகிறவரை ரகசியப் பாதை போட்டுத் தரும் வி.பி.என். சர்வரிடம் அனுப்பு' என்று சொல்லி வைத்தால் போதும்... முதலாளி வீட்டு நாற்காலியில் சாய்ந்தபடியே ஆபீஸுக்குள் நுழையலாம்.

கதவைத் திறந்தாகிவிட்டது. வேலை செய்யுமா?

செய்தாக வேண்டும். "காலையில கனெக்‌ஷன் வரலைன்னா, நாளைக்கு நீ வராதே!" என்று நேற்றே உறுமியிருந்தார் முதலாளி டார்வின் ஹால்வர்சன்.

போனை எடுத்தாள்.

"ஜோலீன்! கனெக்ட் ஆயிடுச்சு! பச்சை விளக்கு எரியுது!"

"அப்பாடா..."

"என்ன அப்பாடா? திருடன்!"

"என்ன சார்?"

"ஆபீஸ் கேமராவைப் பார்த்துக்கிட்டிருக்கேன். இரும்புப் பெட்டி முன்னாடி ஒருத்தன் நிக்கறான்... முகமூடி! சிவப்புக் கையுறை! உடனே ஓடிடு!"

ஜோலீன் கைக்குக் கிடைத்த துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

போனோடு மெல்ல அறையைவிட்டு வெளியே வந்தாள்.

இரும்புப் பெட்டி இருந்தது. சாம்பல் நிறச் சுவர் இருந்தது.

திருடன் இல்லை!

"சார்... நான் பெட்டி பக்கத்துலதான் நிக்கறேன். இங்க யாருமே இல்லையே..."

"பொய் சொல்லாதே! நீதான் அங்க இல்லை!"

"கையை ஆட்டறேன். தெரியுதா?"

"அவன்தான் கையை ஆட்டறான்! பெட்டியோட பிடியை ஆட்டறான்! டேய் சிவப்புக் கையுறை! உன்னைப் பார்த்துக்கிட்டேதான்டா இருக்கேன்!"

ஜோலீனுக்குத் தலை சுற்றியது. இவள் நிற்கிற இடத்தில் இவள் இல்லை... இல்லாதவன் இருக்கிறான். பேயா?

தடால்!

வாசல் கதவு திறந்தது. தொப்பி முழுக்கப் பனியோடு ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை நீட்டினார்.

"கையைத் தூக்கு!"

"நான் இங்க வேலை பார்க்கறவ ஆபீஸர்!"

"எல்லாத் திருடனும் அதைத்தான் சொல்லுவான்."

"துடைப்பத்தோடவா திருட வருவேன்?"

சார்ஜென்ட் ஓஸ்கர் நீமி துடைப்பத்தைப் பார்த்தார். துப்பாக்கியை இறக்கினார். "உங்க முதலாளி கூப்பிட்டார்மா. ஆபீஸ்ல கொள்ளைன்னு."

"அவர் இன்னும் லைன்லதான் இருக்கார்." ஜோலீன் ஸ்பீக்கரை அழுத்தினாள். "சார், போலீஸ் வந்தாச்சு. அவன் எப்படி இருக்கான்? சொல்லுங்க."

"குண்டா இருக்கான். பச்சை ஸ்வெட்டர். கால்ல கம்பளி சாக்ஸ்..."

"ஷூ?"

"ஷூ இல்லை. வெறும் சாக்ஸ்."

நீமி முகம் சுளித்தார். "ஆபீஸுக்குள்ள எவன்மா பூட்ஸைக் கழட்டுவான்?"

"எவனும் கழட்ட மாட்டான்." ஜோலீன் நிமிர்ந்தாள். "வீட்டுக்குள்ள வந்தாத்தான் கழட்டுவான்..."

அவள் முகம் வெளுத்தது!

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று ரௌட்டரும் கேமராவும் இரட்டையாக வாங்கியவர் ஹால்வர்சன். ஒரு ஜோடி ஆபீஸுக்கு, இன்னொன்று வீட்டுக்கு. இரண்டு இடத்திலும், தயாரித்த கம்பெனி போட்டு அனுப்பிய அதே முகவரி நம்பர்கள். 'ஒரு இடத்துலயாவது மாத்தணும் சார்' என்று அவள் கெஞ்சியபோது, 'இன்ஜினியர் நானா, நீயா?' என்று மார்தட்டியவர். மிச்சமான ஆபீஸ் பெயின்ட்டைக் கொண்டுபோய் வீட்டுக்குக் கீழே இருந்த பேஸ்மென்ட் அறைக்கு அடித்தவரும் அவரே. அங்கேயும் அதே மாடல் இரும்புப் பெட்டி!

வி.பி.என். போட்டு என்ன பயன்? கேட்ட நம்பரில் வீட்டிலேயே ஒரு கேமரா இருக்கும்போது, கம்ப்யூட்டர் எதற்கு ஆபீஸ்வரை வரும்? பக்கத்தில் இருப்பதைத்தான் காட்டும்.

"சார்... தயவுசெஞ்சு கத்தாம கேளுங்க. நீங்க பார்க்கறது ஆபீஸ் இல்லை. உங்க பேஸ்மென்ட்."

"என்னது? என் பேஸ்மென்ட்லயா?!!"

கத்தினார்!

நீமி ரேடியோவைப் பிடுங்கி, குன்றுமேல் இருந்த ஹால்வர்சன் வீட்டுக்கு வேறு காரை விரட்டினார்.

"சார், இருக்கீங்களா?" ஜோலீன் ஸ்பீக்கர்மேல் குனிந்தாள். வேலை போனால் போகட்டும், மனுஷன் பிழைக்கட்டும்!

"மேஜைக்கு அடியில இருக்கேன்..." எலிக்குரல். லேப்டாப்பும் கூடவே அடியில் போயிருந்தது.

"அவன் என்ன பண்றான்?"

"கையைத் தூக்கிக்கிட்டு நிக்கறான்..."

"எப்பலேருந்து?"

"நான் சிவப்புக் கையுறைன்னு கத்தினதுலேருந்து..."

வீடு முழுக்கச் சூடான காற்றைக் கொண்டுபோகும் ஹீட்டர் குழாய்! மாடியில் கத்தினால் பேஸ்மென்ட்டில் கூரையே பேசுகிற மாதிரி கேட்கும். கையுறை, ஸ்வெட்டர், சாக்ஸ்... ஒவ்வொன்றாகக் கூரை சொல்லச் சொல்ல, திருடன் ஆடிப்போயிருந்தான்.

இப்போது அதே குழாய் வழியாக ஒரு பரிதாபக் குரல் மேலே ஏறி வந்து, ஸ்பீக்கரிலும் கேட்டது.

"சார்... கோவிச்சுக்காதீங்க. தோள் வலிக்குது. கையை இறக்கட்டுமா?"

"ஜோலீன்! அவன் என்கிட்ட பர்மிஷன் கேக்கறான்! என்ன சொல்ல?"

நீமி குனிந்து போனில் சொன்னார். "ஒரு கையை மட்டும் இறக்கச் சொல்லுங்க சார்."

போலீஸ் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது திருடன் அதே இடத்தில், கைமாற்றிக் கைமாற்றி நின்றுகொண்டிருந்தான். "வாசல்ல பனியை யாருமே தள்ளலை. வெயில் தேடி ஃப்ளோரிடா போயிட்டாங்கன்னு நினைச்சேன். கார்ப்பெட் அழுக்காக்கக் கூடாதுன்னு பூட்ஸைக்கூடக் கழட்டினேன் சார்!" என்று விம்மினானாம்.

மதியம் ஹால்வர்சனிடமிருந்து போன்.

"அந்த நம்பர்களை மாத்திடறேன் சார்," என்றாள் ஜோலீன்.

"தொட்டே... அப்பதான் வேலை போகும்!"

"அது தப்பு சார். நீங்க ஜென்மத்துக்கும் ஆபீஸைப் பார்க்க முடியாது."

"ஆபீஸைப் பார்க்கத்தான் நீ இருக்கியே! சம்பளத்தை ஏத்திட்டேன், போ. டி.வி.யைப் போடு!"

போட்டாள். டோனட்டைக் கடித்தபடி நீமியும் எட்டிப் பார்த்தார். திரையில் ஹால்வர்சன், கோட்டும் டையுமாக.

"ஆபீஸ் கேமரா வழியா வீட்டுத் திருடனைப் பிடிச்சீங்களாமே! எப்படி சார்?" என்றாள் நிருபர்.

ஹால்வர்சன் மர்மமாகச் சிரித்தார். "மன்னிக்கணும்... அது தொழில் ரகசியம்."

நீமி மெல்லுவதை நிறுத்தினார். "நிஜமாவே ரகசியமாம்மா?"

"ஆமா ஆபீஸர்," என்றாள் ஜோலீன். "அவருக்கே தெரியாது!"