பல் பதிந்த வெள்ளி

துடைத்து வைத்த பென்சில் ஈரமாக இருந்தது.

மேசையில் விரித்திருந்த பருத்தித் துணியின்மேல், காலையில் அவள் வைத்த இடத்திலேயே, வைத்த வாக்கிலேயே கிடந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. எதிர்வீட்டு மொட்டைமாடிக்கு மேலே கறுத்துக் கவிந்து, வரவா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. கூரையில் ஒழுக்கு இல்லை. இருந்தும் அந்த வெள்ளிப் பென்சிலின் தலைமாட்டில், ஒரு விரல் அகலத்துக்கு, மினுமினுவென்று ஈரம். தண்ணீர் என்றால் மெருகேற்றிய வெள்ளியில் முத்து முத்தாக நிற்கும். இது விரலோடு ஒட்டிக்கொண்டு நூலாக இழுபட்டது. மூக்கருகே கொண்டுபோனாள். தூங்கி எழுந்த வாயின் வாடை.

"அம்மா, இதை எடுத்தியா நீ?"

"எதை?" பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "உன் பொக்கிஷத்தையா? எனக்கு வேற வேலை இல்ல பாரு. அது இருக்கிற அறைப்பக்கமே நான் தலைவெச்சுப் படுக்கறதில்ல."

அவள் துணியை எடுத்து அழுத்தித் துடைத்தாள். பிறகு அந்தத் துணியையே குப்பையில் போட்டாள். ஏன் போட்டோம் என்று அவளுக்கே புரியவில்லை.

மாடியில் இரண்டே அறை. அம்மா பல வருஷம் ஓர் அலுவலகக் கட்டடத்தின் தரையைத் துடைத்து மகளை வேதியியல் படிக்க வைத்தாள். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் மகள்தான். 'இனிமே நீ குனியக்கூடாதும்மா' என்று வீராப்பாகச் சொல்லி அம்மாவை வேலையை விட வைத்தாள். பட்டத்துக்கு ஏற்ற வேலையோ கண்ணில் படவே இல்லை. கடைசியில் பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் வெள்ளிச் சாமான்களின் கறுப்பை எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். வெந்நீர், சோடா உப்பு, அலுமினியத் தாள், கடைசியில் சுண்ணாம்புப் பொடி. ஆக, அம்மா தரையைத் துடைத்தாள், மகள் வெள்ளியைத் துடைக்கிறாள். முன்னேற்றம்தான்.

இந்தப் பென்சில் இருந்த பெட்டி போன வாரம் வந்தது. செத்துப்போன ஒரு வக்கீல் ஆயுசு முழுக்கச் சேர்த்தது. நீல வெல்வெட்டில் பள்ளம் பள்ளமாக வெட்டி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு வெள்ளிப் பேனாவோ, திருகினால் லெட் வெளியே வரும் பென்சிலோ படுத்திருந்தது. எல்லாம் நூறு வருஷத்துக்கு மேற்பட்டவை. கொடிப்பின்னல் செதுக்கியவை, அலையலையாக வரி போட்டவை, இழுத்தால் மூன்றாக நீளுபவை. பென்சில் சேர்ப்பவர்கள் கீறல் படாததைத் தேடித் திரிவார்கள். வக்கீல் நேர்மாறு. பல் பட்டதை மட்டுமே வாங்கியிருந்தார். வெள்ளி மெத்தென்ற உலோகம். என்றோ எவரோ யோசித்தபடி கடித்த பள்ளங்கள் அப்படியே நின்றிருந்தன.

"கறுப்பை மட்டும் எடு. பல்லைத் தொடாதே" என்றிருந்தார் வியாபாரி.

"எனக்கு ஒடுக்கு எடுக்கவும் வரும் சார்."

"அதுக்குக் கைவேலை தெரியணும், டிகிரி." அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "நீ துடைச்சா போதும். உங்க வீட்ல பழகின வேலைதானே?"

அவர் சிரித்தபடிதான் சொன்னார். குத்திக்காட்ட நினைத்துக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு உள்ளே போய்த் தைத்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா, "நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தான் ஆகணும், விடுடி" என்றாள். அவள் விடவில்லை. பென்சிலின் தலையைக் கழற்றி, உள்ளே எஃகுப் பின்னல் ஊசியை விட்டு, வெளியே கரண்டியின் முதுகால் பூப்போலத் தேய்த்துத் தேய்த்து, பள்ளங்களை மேலே கொண்டுவந்தாள். முதலில் ஒன்று. மறுநாள் இன்னொன்று. இன்று காலை மூன்றாவது. பல் இருந்த இடம் தெரியவில்லை. எந்தத் தட்டானும் இப்படி எடுக்க முடியாது என்று அவளே அவளைத் தட்டிக்கொடுத்தாள்.

அந்த மூன்றாவதுதான் இப்போது ஈரமாக இருந்தது.

அம்மா தேநீரோடு வந்தாள். தம்ளரை வைத்துவிட்டு மணிக்கட்டைச் சொறிந்தாள்.

"என்ன அது?"

"எறும்பு கடிச்சிருக்கும். ரெண்டு மூணு நாளா இருக்கு."

"எறும்பு இப்படியா வரிசையா கடிக்கும்?"

"உன்னை மாதிரி படிச்ச எறும்பா இருக்கும். கோடு போட்டுக் கடிச்சிருக்கு."

சிரித்தபடி கையை நீட்டினாள். மணிக்கட்டின் உட்புறத்தில், நீல நரம்புக்கு மேலே, வளைவாகச் சின்னச் சின்னக் குழிகள். சிவக்கவில்லை, வீங்கவில்லை. நடுவில் ஒரு பல் அளவுக்கு இடைவெளி. முன்பல் விழுந்த பிள்ளையின் வாய்.

அவள் தம்ளரை எடுக்கவில்லை. கண்ணுக்கு மறந்தாலும் விரலுக்கு மறக்காது. ஒரு பிற்பகல் முழுக்கக் கரண்டி முதுகால் தேய்த்த வரிசை அது. முதல் பென்சில். அதிலும் நடுவில் இப்படித்தான் இடைவெளி இருந்தது.

"வேற எங்கயாவது இருக்கா?"

"இங்க ஒண்ணு, நேத்திலிருந்து." முழங்கைக்கு மேலே. அகலமான வரிசை, ஒரு பல் பக்கத்துப் பல்லின்மேல் ஏறிக் குறுக்கே நின்றது. இரண்டாவது பென்சில். "ஏண்டி பேயறைஞ்ச மாதிரி பாக்கிற? பூச்சிதாண்டி. மெத்தையை வெயில்ல போட்டா சரியாயிடும்."

"கழுத்துல?"

"கழுத்துல ஒண்ணும் இல்லையே." அம்மா தடவிப் பார்த்தாள். "நீ சொன்ன உடனே நமநமங்குது. போடி, நீயே கிளப்பிவிடுவ போல. தலை வேற கனக்குது. கொஞ்சம் சாய்றேன்."

செருப்பில்லாத காலடி பக்கத்து அறைக்குப் போனது. கட்டில் கிறீச்சிட்டது.

மணிக்கட்டு. முழங்கை. மேலே ஏறுகிறது. மூன்றாவது பென்சிலைக் கடித்த வாய் மற்ற இரண்டைப் போலல்ல. தாடை அகலம். இரண்டு பக்கமும் ஆழப் பதிந்து வெள்ளி கிழியப் பார்த்திருந்தது. யோசனையில் கடித்த கடி இல்லை அது என்று காலையிலேயே தோன்றியது. தோன்றியும் தேய்த்தாள்.

வியாபாரிக்கு போன் போட்டாள்.

"சார், அந்த வக்கீல் எதுக்காகப் பல் பட்டதையே வாங்கினார்?"

"பைத்தியம். எனக்கென்ன தெரியும்? பெட்டியை யாரையும் தொட விடமாட்டாராம், தூங்கும்போதுகூடப் பக்கத்துல வெச்சுக்குவாராம். ஏன் கேக்கற?" குரல் மாறியது. "பல்லைத் தொட்டியா?"

"ஒடுக்கை எடுத்துட்டேன் சார்."

"அடிப்பாவி! தலையில கல்லைத் தூக்கிப் போட்டியே! வாங்கறவன் அந்தப் பல்லுக்குத்தானேம்மா வாங்கறான்! எத்தனை?"

"மூணு."

"எனக்குத் தெரியாது. எப்படி இருந்துதோ அப்படி வரணும். கடிச்சு வைப்பியோ என்ன பண்ணுவியோ!"

போனை வைத்துவிட்டார்.

மழை இறங்கியது. சாயங்காலம்தான் என்றாலும் அறை இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட்டாள், எரியவில்லை. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றை மறந்து நின்றது. அது நின்ற பிறகுதான் மற்ற சத்தங்கள் கேட்டன. தகரத்தில் மழை, சாக்கடையில் தண்ணீரின் களகளப்பு, பக்கத்து அறையில் அம்மாவின் மூச்சு. அந்த மூச்சுக்கு நடுவே, வெகு அருகில், யாரோ காய்ந்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொள்ளும் சத்தம்.

அவள் எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து கட்டிலருகே போய் நின்றாள். மழைவெளிச்சத்தில் அம்மாவின் கழுத்து தெரிந்தது. சுருக்கம் விழுந்த, பலநாள் குனிந்த கழுத்து. குரல்வளைக்கு இடப்பக்கம் தோல் ஓரிடத்தில் மெல்ல உள்ளே அமுங்கியது. விட்டது. மறுபடி அமுங்கியது. பழம் பழுத்ததா என்று அழுத்திப் பார்ப்பது போல.

ஓடி வந்து முதல் பென்சிலை எடுத்தாள். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. வியாபாரி திட்டும்போது சொன்ன வழிதான். தலையைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடித்தாள். வெள்ளி பல்லில் கூசியது. ஊசி முனையால் ஈறைத் தொட்டது போலிருந்தது. விடவில்லை. வெள்ளி மெல்ல இணங்கிக் கொடுத்தது. எடுத்துத் தடவிப் பார்த்தாள். பதிந்திருந்தது. நடுவில் இடைவெளியோடு.

அவள் வாயில் ஒரு பல்லும் குறையவில்லை.

அம்மாவிடம் ஓடிக் கையைப் புரட்டினாள். மணிக்கட்டு வழவழவென்று இருந்தது.

இரண்டாவதை எடுத்துவந்து கட்டிலருகே நின்றே கடித்தாள். குறுக்குப் பல்லோடு பதிந்தது. முழங்கை ஆறியது. அம்மா தூக்கத்தில் கையை இழுத்துக்கொண்டு, "தூங்க விடேண்டி" என்று முனகினாள்.

மூன்றாவது.

அது மறுபடி நனைந்திருந்தது. இப்போது வெதுவெதுப்பாகவும் இருந்தது. அவள் துடைக்கவில்லை. மேசைமுன் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தாள். அந்த வாடை தொண்டைவரை இறங்கியது. கடித்தாள். இறங்கவில்லை. இன்னும் கடித்தாள். தாடை எலும்பு காதுக்குக் கீழே நறநறத்தது. கண்ணில் நீர் வந்தது. வெள்ளி கல்லாக நின்றது.

வலி தாங்கவில்லை. வாயைத் திறந்தாள்.

பென்சில் விழவில்லை.

இரண்டு கைகளும் மடியில் இருந்தன. வாய் திறந்திருந்தது. பென்சில் உதட்டுக்கு நேரே, கிடைமட்டமாக, அசையாமல் நின்றது. அதன் முனை இருட்டுக்குள் போயிருந்தது. அங்கிருந்து ஒரு மூச்சு அவள் மேலுதட்டில் பட்டது. வந்தது. போனது. வந்தது.

பக்கத்து அறையில் அம்மா விக்கினாள். விக்கல் இல்லை. காற்று போக வழியில்லாத சத்தம். கட்டில் ஆடியது. கால்கள் போர்வையை உதைத்தன.

"ம்... டி... ம்..."

அவள் பென்சிலைக் கடித்தாள்.

சத்தம் நின்றது. அம்மா நீளமாக ஒரு மூச்சை இழுத்தாள். இருமினாள். "என்னடி கனவு இது" என்று தனக்குத்தானே சொன்னாள். கட்டில் மறுபடி அடங்கியது.

அவள் கடித்தபடியே இருந்தாள். விட முடியாது. அது அவளுக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. எதிரே இருந்ததற்கும் தெரிந்தது.

வெளியே மின்னியது. அந்த ஒரு நொடியில் பென்சில் முழுவதும் தெரிந்தது. மறுமுனையில் உதடு. உதட்டுக்குள் பல்வரிசை. அதற்கு மேலே இருந்ததை அவள் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று வெள்ளியை மட்டும் பார்த்தாள்.

இருட்டு.

க்ளக். வெள்ளி நசுங்கும் சின்னச் சத்தம். பென்சில் அவள் பல்லுக்குள் அதிர்ந்தது.

மறுபடி மின்னல். மறுமுனையில் ஒரு வரிசைப் பள்ளம். அதற்கு இந்தப் பக்கம், புதிதாக, இன்னொரு வரிசை.

க்ளக்.

இன்னொரு வரிசை. இந்தப் பக்கம். உதடும் கூடவே நகர்ந்து வந்திருந்தது.

"கண்ணு," அம்மா பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டாள். "இருட்டுல என்ன பண்ற? மெழுகுவர்த்தி ஏத்தட்டுமா?"

வாயைத் திறக்காமல், மூக்கால், ம்ஹூம் என்றாள்.

க்ளக்.

இரண்டு வாய்களுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளி மீதி இருந்தது. அதுவும் ஈரமாக இருந்தது.