தம்பி கிழித்த தேதி

“மணி அடிச்சாச்சு! ஓடு பம்பரம், ஓடு!”

பம்பரம் பறந்தாள். ஓரிடத்தில் நிற்காத பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் அது. இன்று அவள் முறை. ‘இதே நாளில் நம் மாநிலத்தில்’ என்ன நடந்தது என்று ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். பள்ளி முழுக்கக் கேட்கும்!

ஒலிபெருக்கி அறையில் ஆமை கம்பியைச் சொருகிக்கொண்டிருந்தான். நிதானமாகப் பேசுவான், அதனால் ஆமை. அவள் தாளைப் பார்த்ததும் அவன் முகம் வாடியது.

“முதல் ரயில்... பெரிய புயல்... இதெல்லாம் பதினெட்டாம் தேதி நடந்தது. நாளைக்கு நான் சொல்ல வேண்டியது.”

“இன்னைக்குத்தானே பதினெட்டு? காலையில நாட்காட்டியைப் பார்த்துத்தான் எழுதினேன்!”

ஆமை சுவரைக் காட்டினான். கரும்பலகையில் பதினேழு.

பம்பரத்துக்குப் புரிந்துவிட்டது. தம்பி! இருபதாம் தேதி அவனுக்குப் பிறந்தநாள். சீக்கிரம் வரட்டும் என்று ஒரு தாளைக் கூடுதலாகக் கிழித்துவிட்டான் வாலு.

“பரவாயில்ல, நீயே படிச்சுடு,” என்றான் ஆமை, தரையைப் பார்த்தபடி.

ஒரு வாரமாக அவன் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகியது அவளுக்குத் தெரியும்.

“போடா! உன் நாள் உனக்குத்தான்.” தாளை மடித்து அவன் சட்டைப்பையில் திணித்தாள்.

“ஆரம்பிக்கலாமா?” உள்ளே வந்த டீச்சர் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

இப்போது என்ன சொல்வது? பதினேழு... பதினேழு... எங்கேயோ தொட்ட எண்! ஆமாம், தொட்ட எண்தான். ஆற்றுப் பாலத்து முனையில் ஒரு கல். பேருந்துக்குக் காத்திருக்கும்போது தினமும் அதன் எழுத்துகளில் விரலை ஓட்டுவாள். இதே மாதம், இதே பதினேழு!

“இதே நாளில்தான் நம்ம ஆத்துப் பாலத்தைத் திறந்தாங்க!” குரல் துள்ளியது. “மாநிலத்தோட ரெண்டு பாதியையும் சேர்த்த முதல் பாலம்! அதுக்கு முன்னாடி படகுதான். வெள்ளம் வந்தா அதுவும் இல்ல. மாப்பிள்ளை இக்கரையில, பொண்ணு அக்கரையில, கல்யாணம் நடு ஆத்துல!”

வகுப்புகளிலிருந்து சிரிப்பு வெடித்தது.

“நம்பலைன்னா போய்க் கல்லைத் தொட்டுப் பாருங்க!”

சாயங்காலம் கல்லைச் சுற்றி ஒரே கூட்டம். அவள் விரலுக்கே இடம் கிடைக்கவில்லை!

வீட்டு வாசலிலேயே தம்பி பிடித்துக்கொண்டான். “அக்கா, இன்னும் எத்தனை தாள் கிழிக்கணும்?”

“நீ கிழிச்சது போதும்டா சாமி! இன்னைக்குத் தாள் எங்கே?”

அவன் கட்டிலுக்கடியில் கைவிட்டு ஒரு காகிதக் கப்பலை எடுத்தான். அதன் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் பதினேழு.

பம்பரம் சிரித்தபடி வாளித் தண்ணீரில் அதை மிதக்கவிட்டாள். இருவரும் சேர்ந்து ஊதினார்கள். பதினேழாம் தேதி ஆடி ஆடி அக்கரை சேர்ந்தது.