உடனிருப்பவர் குறிப்பு

புதன்கிழமைக்கான கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது.

வாரம் முழுவதற்குமான குறிப்புகளை ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதி முடிப்பது அவர் வழக்கம். ஆறு நாள் கையெழுத்தையும் சனிக்கிழமை சேர்த்துப் போடுகிற அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவருக்கு இதில் உறுத்தல் ஒன்றும் இல்லை. திங்கள்: ‘நன்றாகத் தூங்கினார்.’ செவ்வாய்: ‘நன்றாகச் சாப்பிட்டார்.’ இடது கையில் பேனாவைப் பிடித்துச் சிரமப்பட்டு இவ்வளவையும் எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால், புதன்:

‘மாலை 4.10. அண்ணன் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். ஒன்பது நிமிடம். பிறகு முகம் கழுவிக்கொண்டார்.’

உண்மை. அதுதான் சங்கடம். அழுததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. சோப்பு தீர்ந்துபோயிருந்தது. தீர்ந்துவிட்டது என்று குரல் கொடுக்க வாயைத் திறந்தவர், யாரிடம் சொல்வது என்று யோசித்தார். அவ்வளவுதான். பார்த்தவர் எவரும் இல்லை. வீட்டில் அவர் மட்டும்தான்.

தவிர, அவருக்குத் தம்பியே கிடையாது.

காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். இழப்பீடு கேட்டு வரும் படிவங்களில் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடிப்பது வேலை. இல்லாத மாமனார்கள், செத்துப் பிழைத்த சித்தப்பாக்கள், மூன்று முறை எரிந்த ஒரே கடை என எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை. ஓய்வுபெற்ற அன்று மாலை போட்டு, “இவர் போனால் இந்த அலுவலகமே ஸ்தம்பித்துவிடும்” என்று பேசினார்கள். ஸ்தம்பிக்கவில்லை. சந்தேகம் கேட்கக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று போன மனைவி, பேரன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகும் திரும்பவில்லை. சண்டை கிண்டை எதுவும் இல்லை. திரும்பி வர ஒரு காரணம் வேண்டியிருந்தது. இரண்டு பேருக்கும் அது அகப்படவில்லை.

அப்போதுதான் ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் அந்த அறிவிப்பைப் பார்த்தார். நீரிழிவுக்கான புது ஊசியைச் சோதிக்கத் தன்னார்வலர்கள் தேவை. பெரிய டாக்டர் நாற்பது நிமிடம் உரையாற்றினார். “நீங்கள் நோயாளிகள் அல்ல, வரலாறு” என்றார். வரலாறு மொத்தம் பன்னிரண்டு பேர். காலையிலிருந்து பட்டினியாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

மனித குலத்துக்கு உதவும் உத்தேசம் அவருக்கு இல்லை. ஆய்வில் சேர்ந்தால் தினமும் மாலை நாலரைக்கு ஒரு சிஸ்டர் ஃபோன் செய்வார் என்றார்கள். சாப்பிட்டீங்களா, தூக்கம் வந்ததா, கால் மரத்துப்போகுதா. இத்தனை கேள்விகளை ஒரே நாளில் அவரிடம் கேட்கிற ஜீவன் உலகத்தில் வேறு இல்லை. உடனே பேனாவை எடுத்தார்.

இருபத்திரண்டு பக்கப் படிவத்தில் பத்தொன்பதாவது பக்கம் வழிமறித்தது. தனியாக வசிப்பவர்களைச் சேர்ப்பதில்லை. சர்க்கரை திடீரென்று இறங்கினால் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஆள் தினமும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். மனித குலத்துக்கு உதவ வந்தவரை, மனித குலத்தில் ஒருவர்கூட அவர் வீட்டில் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள்.

இருக்கிற உறவினரை எழுதினால் விசாரித்துப் பிடித்துவிடுவார்கள். இல்லாதவனை எங்கே போய் விசாரிப்பது. தொழில் கற்றுக்கொடுத்த பாடம். ‘உடனிருப்பவர்: தம்பி. வயது: ஐம்பத்திரண்டு. மணமாகாதவர். பேசத் தெரியுமா, எழுதத் தெரியுமா, ஊசி போடத் தெரியுமா?’ ஆம், ஆம், ஆம். தொலைபேசி எண்ணுக்கு, கூடத்தில் தூசி படிந்து கிடந்த பழைய ஃபோனின் எண். கையெழுத்து வேறாகத் தெரிவதற்கு இடது கை.

இப்போது புதன்கிழமை வரியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். அதே சாய்வு. அதே வால் ஒடிந்த எழுத்து. ஆனால் அவருடைய இடது கை எழுத்து மையில் விழுந்த எறும்பு ஊர்ந்ததுபோல நடுங்கும். இதில் நடுக்கம் இல்லை. பழகிய கை.

சர்க்கரை இறங்கினால் புத்தி தடுமாறும் என்று படிவத்தின் பதினான்காம் பக்கத்தில் போட்டிருந்தது. தானே எழுதி மறந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். கிழித்துப் போடலாம் என்றால் பக்கங்களுக்கு எண் அச்சிட்டிருந்தார்கள். மீதி நாட்களை நிரப்பிவிட்டு மூடி வைத்தார்.

மறுநாள் ஆய்வு மையத்தில் சிஸ்டர் குறிப்பேட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“உங்க தம்பி இப்பதான் சார் உருப்படியா எழுத ஆரம்பிச்சிருக்கார்.”

“அவன் கொஞ்சம் சோம்பேறிம்மா.”

“நல்லா தூங்கினார், நல்லா சாப்பிட்டார்னு கல்யாணப் பத்திரிகை மாதிரி ஒரே மேட்டரை எழுதிட்டிருந்தார். இப்ப பாருங்க, நிமிஷக் கணக்கு.” குரலைத் தணித்துக்கொண்டார். “அழுதீங்களா சார்?”

“கண்ல சோப்பு பட்டிருச்சு” என்றார், சோப்பு தீர்ந்துபோன வீட்டுக்காரர்.

பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “இந்த மாதிரி கவனிக்கிறவங்கதான் விஞ்ஞானத்துக்கே முதுகெலும்பு. அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க, பாக்கணும்.”

“கூச்ச சுபாவம் டாக்டர்.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்று மாலை நாலரைக்கு ஃபோன் அடிக்காது. விழுங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் குறிப்பேட்டை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு மதியங்கள் நீண்டுபோயின. சாப்பிட்ட தட்டு காய்ந்து, தெரு அடங்கி, ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்துகொண்டிருக்கும்போது, பிரிட்ஜின் முனகல் சட்டென்று நிற்கும். நின்றதும், அதற்கு அடியில் அதுவரை ஒளிந்திருந்த இன்னொரு ஓசை மேலே வரும். காகிதத்தில் பேனா ஓடும் ஓசை. அவர் தலையைத் தூக்கினால் அது நிற்கும்; அவர் மூச்சு விட்டால் ஒரு கிறுக்கல், இழுத்தால் ஒரு கிறுக்கல். பழைய கோப்புகள் அடுக்கிய அறையைப் பல வருடம் கழித்துத் திறந்தால் வருமே, அந்த மக்கிய காகித வாடை கூடத்தில் ஒரு இடத்தில் மட்டும் அடித்தது. இரண்டடி தள்ளிப்போனால் இல்லை. மறுநாள் அந்த இடம் மாறியிருந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் அடித்தது.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று வெளியே போய் நின்றார். பதினொரு வருடமாக அடுத்த வீடு. அந்த மனிதரின் பெயர் தெரியாது. தெரிந்தாலும் என்ன சொல்வது? எனக்கு இல்லாத தம்பி என் வீட்டில் இருக்கிறான் என்றா? செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

ஞாயிறு மதியம் அலமாரியைத் திறந்தார். பூட்டு பூட்டியபடியே இருந்தது. குறிப்பேடு வைத்தபடியே இருந்தது. வாரம் முழுதும் நிரம்பியிருந்தது.

‘வியாழன் 2.30. அலமாரியைத் திறக்கவில்லை. தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.’

‘வெள்ளி 3.05. என்னைத் தேடுகிறார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.’

‘சனி 3.40. தூக்கத்தில் சர்க்கரை 58. வியர்த்தது. முனகினார். எழுப்பவில்லை. எதுவரை இறங்கும் என்று பார்க்க வேண்டும்.’

எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பயம்தானா, வேறேதாவதா, தெரியவில்லை. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நாலரை வரை காத்திருக்காமல் அவரே செல்பேசியில் கூப்பிட்டார்.

“சிஸ்டர், ஒண்ணு சொல்லணும். எனக்குத் தம்பியே கிடையாது.”

மறுமுனையில் குழந்தையிடம் பேசுகிற குரல்.

“சரி சார். மதியம் சாப்பிட்டீங்களா?”

“நான் சொல்றது கேக்குதா? படிவத்துல பொய் எழுதிட்டேன். என்னை நீக்கிடுங்க. இந்த வீட்ல நான் மட்டும்தான்.”

“நீங்க இப்படிச் சொல்வீங்கன்னு அவர் மதியமே சொன்னார் சார்.”

“எவர்?”

“தம்பிதான். வீட்டு ஃபோன்லேருந்து பேசினார். ரெண்டு நாளா அண்ணன் என்னை யாரோ மாதிரி பாக்கறார், மனசுக்குக் கஷ்டமா இருக்குன்னார். சர்க்கரை இறங்கினா அப்படித்தான் சார் தோணும். கூடப் பொறந்தவர் இருக்கார், அப்புறம் என்ன கவலை?”

இதே தீர்ப்பை அவர் முப்பத்தொரு வருடம் எழுதியிருக்கிறார். சம்பந்தப்பட்ட ஆள் ஒன்று சொல்லி, சாட்சி வேறொன்று சொன்னால், சாட்சியை நம்பு.

“ஊசிகூட அவர்தான் போட்டாராமே, பன்னெண்டு மணிக்கு. நீங்க அசந்து தூங்கிட்டிருந்தீங்களாம்.”

“நான் காலைல எட்டு மணிக்கே போட்டுக்கிட்டேனே.”

“அதையும் சொன்னார் சார். போட்டுக்கிட்டதா நினைச்சுட்டிருக்கார்னு.”

சட்டையைத் தூக்கினார். தொப்புளுக்கு வலது பக்கம் ஒரு சிவப்புப் புள்ளி. அவருடையது. இடது பக்கம் இன்னொன்று. நேர்த்தியான வேலை.

ஆய்வு மையத்தில் அவர் மேற்கையில் ஒட்டிவிட்டிருந்த சர்க்கரைக் கருவி கூவத் தொடங்கியது.

“வாங்க சிஸ்டர். யாரையாவது அனுப்புங்க.” சொன்னதாகத்தான் நினைத்தார். நாக்கு தடித்திருந்தது. வெறும் காற்று போயிற்று.

“சார்? ஃபோனைத் தம்பிகிட்டக் குடுங்க.”

கையிலிருந்து ஃபோன் எடுக்கப்பட்டது. பிடுங்கவில்லை. தூங்கிவிட்ட பிள்ளையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல.

முழங்கால் மடிந்தது. தரை. கன்னத்தில் குளிர்ச்சி.

மேலே குரல். “ஆமாம்மா. சாப்பிட்டார். இப்பதான் படுத்தார். நான் பாத்துக்கறேன்.”

சிஸ்டர் ஏதோ சொல்ல, அந்தக் குரல் மெல்லச் சிரித்தது. அந்த நிலையிலும் அவருக்குப் பொறாமையாக இருந்தது. அவருடைய ஃபோன் அது. ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

கருவியின் கூவல் அணைக்கப்பட்டது.

வெறுங்கால்கள் வந்தன. நின்றன. பக்கத்தில் சம்மணமிட்டு அமர்ந்தன. இந்த வீட்டில் அவருக்கு இவ்வளவு அருகில் யாரும் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர் கண்ணுக்கு ஒரு சாண் தள்ளிக் குறிப்பேடு விரிந்தது. இடது கை. நிதானமான எழுத்து.

‘4.20. சர்க்கரை 41. பேச்சு நின்றது. கண் திறந்திருக்கிறது.’

சர்க்கரை, என்று கேட்கப் பார்த்தார். ஒரே ஒரு கரண்டி.

‘உதடு அசைந்தது.’

அடுத்த வரியில் கை ‘5.10’ என்று எழுதியது. அதன் எதிரே எதுவும் எழுதவில்லை. பேனா அங்கேயே நின்றது. சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தொன்று.

கண் இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்க்கத் தலை குனிந்து வந்தது.

வயது கேட்டிருந்தார்கள். உறவு கேட்டிருந்தார்கள். முகம் எப்படி இருக்கும் என்று படிவத்தில் யாரும் கேட்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை.

ஜன்னல் வெயில் முழுதாக அதன்மேல் விழுந்தது. காதிலிருந்து காது வரை, நெற்றியிலிருந்து முகவாய் வரை, ஒன்றுமே நிரப்பப்படாத அந்த இடம், அவருடைய மூச்சின் ஈரம் படுகிற தூரத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து, மிகுந்த அக்கறையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.