வராகக்கரைப் பூண்டு வாசம்

சூசைமாணிக்கம் விழுங்கிவிட்டான். யாரும் முதுகில் தட்டிவிடவில்லை, தானாகத்தான். "எங்க ஊர் வைனும் எங்க ஊர்க்காரங்க மாதிரிதான். முதல்ல கசக்கும். பழகினப்புறம், பழகிட்டமேன்னு கசக்கும்" என்று சொல்லி, ஒரு மடக்கை வாயில் ஊற்றிக்கொண்டு சபையைப் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஜோக்கின் மானத்தைக் காப்பாற்ற அவனே சிரித்தான். மடக்கு உள்ளே இறங்கிவிட்டது.

வைன் ருசிப்பவர்களின் சங்கமான கொடைக்கானல் ருசிமாடத்தின் ஆயுள் உறுப்பினர் குருபாதம் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "தம்பி, முழுங்கிட்டீங்களா?" நடுச்சபையில் வேட்டி அவிழ்ந்தவனிடம் கேட்கிற குரல்.

"கொஞ்சமாத்தான் சார்."

"கொஞ்சமோ நிறையவோ, நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல."

நாகரிகம் அவர் காலடியில் இருந்தது. பித்தளை எச்சில்குடம், முக்கால்வாசி நிறைந்து, ஊதா நுரையோடு. அதில் துப்பிவிட்டு, உதட்டில் தொங்கும் எச்சில் நூலைத் துடைத்து, நாக்கில் ஒட்டியிருந்த நாப்படலத்தைப் பாலாடை மாதிரி உரித்து அதிலேயே போடுவார்கள். ருசியை உள்ளே விட்டு நஞ்சை நிறுத்தும் படலம் அது. தொண்டையைத் தாண்டினால் அதற்குப் பொறுப்பில்லை.

விழுங்க வேண்டுமானால் ஆலை வைன் இருக்கிறது. தொட்டியில் திராட்சைச் செல் வளர்த்துச் செய்வது, சுத்தம். பாரிஸில் குடித்தாலும் பரமக்குடியில் குடித்தாலும் ஒரே ருசி. ஊருக்கு ஊர் மாறும் ருசிக்கு மண்ணில் விளைந்த திராட்சை வேண்டும். மண்ணில் இப்போது ஊருக்கு ஊர் மாறுவது கழிவு மட்டும்தான். ஈயச் சுரங்கங்கள் திறந்த வடதேசத்து வெள்ளை வைனில் ஓர் இனிப்பு. கடல் ஏறிய டெல்டாவின் சிவப்பில் டீசல். சூசைமாணிக்கத்தின் சொந்த ஊரான வராகக்கரையில் பூண்டு. "தணலில் வாட்டிய பூண்டு, தூரத்தில் ஈர இரும்பு" என்று ருசிமாடத்துக்குக் குறிப்பு எழுதும் வேலையில் அவன் எழுதிய வரியை உறுப்பினர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

ருசிமாடத்து டாக்டர் ஃபௌசியா குழாய் விட்டு அவன் வயிற்றைக் கழுவினார். வாந்தியிலும் பூண்டு வாசம். 'நீண்ட பின்சுவை' என்று தொழில் புத்தி மனசுக்குள் குறித்துக்கொண்டது. அந்தப் புத்தியை நினைத்தே இன்னொரு தரம் குமட்டியது.

"பொழச்சுக்குவேனா டாக்டர்? இல்ல, என்னையும் பாட்டில்ல அடைச்சு வித்துருவாங்களா?"

"ஒரு மடக்குல ஒண்ணும் ஆகாது. அந்தப் பூண்டு வாசம் ஆர்சனிக். உள்ள சேரச் சேரத்தான் வேலையைக் காட்டும். எதுக்கும் உள்ளங்கையைக் கவனிங்க. கறுத்து, காய்ப்பு மாதிரி முண்டு முண்டா வந்தா சொல்லுங்க."

சூசையின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. போன மாதம் ஊரிலிருந்து பேசியபோது லூர்து அக்கா திரையில் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "பாருடா, முண்டு முண்டா கறுத்துக் கெடக்கு. வாளியத் தூக்குனா வலி உசுரு போகுது." "மண்வெட்டி புடிக்கிற கை மகாராணி கை மாதிரியா இருக்கும்?" என்று கிண்டலடித்துப் பேச்சை முடித்திருந்தான்.

"எங்கக்காவுக்கு அப்படி இருக்கு டாக்டர். வராகக்கரைத் தோட்டத்துலதான் வேலை. அந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறா."

டாக்டர் குழாயைச் சுருட்டினார். "தோட்டத்து ஆட்களுக்குத் தனி நலக்குழு இருக்கு. வரம்புக்குள்ளதான் இருக்கும்."

"எந்த வரம்பு?"

"வட்டாரத் தனித்தன்மை வரம்பு."

"அப்படின்னா?"

"அந்த ஊர் ருசி போகாம இருக்க மண்ணுல விட்டு வச்சிருக்கிற அளவு. மண்ணைச் சுத்தம் பண்ண வழி இருக்கு. பண்ணினா அந்த வாசம் போயிடும். உறுப்பினர்கள் ஒத்துக்கலை."

சுவருக்கு அப்பால் யாரோ வாயைக் கொப்பளித்தார். சளக். பிறகு குருபாதத்தின் குரல்: "பூண்டு இந்த வருஷம் தூக்கலா இருக்கே, பிரமாதம்." சூசைமாணிக்கம் தன் நாக்கைச் சட்டை நுனியால் தேய்த்துத் துடைத்தான். பூண்டு ருசி போகவில்லை.

"டாக்டர், விஷத்துக்கு நல்ல பேரு வச்சுச் சோறு தின்னவன் நான். எங்கிட்டயே ஜோடிச்சுப் பேசாதீங்க. அக்காவைக் கூட்டிட்டு வந்தா சரியாயிடுமா?"

ஃபௌசியா கதவைச் சாத்திவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தார்.

"ஆகாது. கை அப்படி ஆயிடுச்சுன்னா உள்ள நிறைய சேர்ந்திருக்கும். இனிமே சேராம வேணா பார்க்கலாம். இப்பவே போய்க் கூட்டிட்டு வாங்க."